போய்ன் ஆற்றங்கரையில் மூன்று நாள்: ட்ரிம்மா, ஸ்லேனா, ட்ராஹடாவா?

அப்பாவும் அம்மாவும் கோவையிலிருந்து டப்ளினுக்கு வந்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது மூன்று நாள் விடுப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பாவோ தகவல் பலகை எதைக் கண்டாலும் நின்று கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் நகர்வார். மேற்குக் கடற்கரையிலுள்ள மோஹர் செங்குத்துப் பாறைகள் பக்கம் போனால் மூன்று நாளில் பாதி காரிலேயே கழிந்துவிடும். பக்கத்தில், பழைய இடங்கள் நெருக்கமாக இருக்கிற ஒரு சிறிய ஊரில் தங்கலாம் என்று முடிவானது. அப்படியென்றால் போய்ன் பள்ளத்தாக்குதான். ஆனால் எந்த ஊர்?

இந்தக் கேள்விக்கு ஒரு வாரம் செலவழித்தேன். அதன்பிறகு நண்பர்கள் குடும்பங்கள் இரண்டும் இதையே கேட்டுவிட்டதால் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஆற்றின் போக்கை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி குழப்பம் தீரும். கில்டேர் மாவட்டத்தில் பிறக்கும் போய்ன், மீத் மாவட்டத்துக்குள் நுழைந்து ட்ரிம் கோட்டைச் சுவரை ஒட்டி ஓடி, பெக்டிவ் மடாலயத்தையும் நேவன் ஊரையும் கடந்து, ஸ்லேன் பாலத்துக்கு அடியில் புகுந்து, கற்காலக் கல்லறை மேடான நியூகிரேஞ்ச் அருகே பெரிதாக ஒரு வளைவு போட்டு, ட்ராஹடாவைத் தாண்டிக் கடலில் சேர்கிறது. பார்க்க வேண்டியவை எல்லாம் இந்த ஆற்றுக்கு இரண்டு பக்கமும்தான். ட்ரிம்மிலிருந்து ட்ராஹடாவுக்கே காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். எந்த ஊரில் தங்கினாலும் பகலில் எல்லாவற்றையும் பார்க்க முடியும். நான் கடைசியில் வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: டிக்கெட் இடங்கள் எல்லாம் ஐந்து, ஆறு மணியோடு மூடிவிடும். ஜூனில் வெளிச்சமோ பத்து மணி வரை இருக்கும். அந்த நான்கு மணி நேரம் நடந்து திரிய எந்த ஊர் நன்றாக இருக்கும்?

டப்ளினிலேயே தங்கிக்கொண்டு தினமும் போய் வருவதையும் யோசித்தேன். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அதுவே சரி. நியூகிரேஞ்சையும், பழைய அரசர்களின் குன்றான டாராவையும் ஒரே நாளில் காட்டிக் கூட்டிவரும் சுற்றுலாப் பேருந்துகள் இருக்கின்றன. ஆனால் அப்பா மாதிரி ஆட்களுக்கு அது ஒத்துவராது. “பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பும்” என்ற அறிவிப்பைக் கேட்டபடி ஐயாயிரம் வருடப் பழமையான கல்லைப் பார்ப்பது பெரிய தண்டனை. மூன்று நாளும் காலையில் டப்ளின் நெரிசலில் வெளியேறி மாலையில் அதே நெரிசலுக்குத் திரும்புவதும் வேண்டாத வேலை.

எந்த ஊரைத் தேர்ந்தாலும் மற்றதையெல்லாம் நியூகிரேஞ்சைச் சுற்றித்தான் அமைக்க வேண்டியிருக்கும். கோடையில் அதற்கு முன்பதிவு இல்லாமல் போவது வீண். டிக்கெட் கிடைக்கும் நாளைப் பிடித்துவிட்டு அப்புறம் அறை பதிவு செய்யுங்கள். நான் அறையை முதலில் பதிவு செய்து, பிறகு டிக்கெட்டுக்காகத் தேதியை மாற்றி, அதற்குத் தனியாகப் பணம் கட்டினேன்.

இன்னொன்று. வரைபடத்தில் பார்த்தால் நியூகிரேஞ்ச் மேடு ஆற்றின் வட கரையில், ஸ்லேனுக்குக் கிட்டத்தில் தெரியும். அதை நம்பி “ஸ்லேன்தான் பக்கம்” என்று முடிவு செய்யாதீர்கள். மேட்டுக்கு நேரடியாகப் போய் உள்ளே நுழைய முடியாது. தென் கரையில், டோனோர் கிராமத்துக்கு அருகில் இருக்கும் ப்ரூ நா போய்னே வரவேற்பு மையத்துக்குப் போய், அங்கிருந்து ஆற்றின் மேலுள்ள நடைபாலத்தைக் கடந்து, அவர்களுடைய பேருந்தில்தான் மேட்டுக்குப் போக வேண்டும். கைபேசி காட்டிய வழியை நம்பி நேராக மேட்டு வாசலுக்கே போய் நின்ற புத்திசாலிகளில் நானும் ஒருவன். வேலிக்கு அந்தப் பக்கம் மேடு, இந்தப் பக்கம் நாங்கள், கையில் இன்னும் இருபத்தைந்து நிமிடத்தில் காலாவதியாகும் டிக்கெட். ஸ்லேன் வழியாகத் திரும்பி ஆற்றைச் சுற்றிக்கொண்டு மையத்துக்கு ஓடினோம்.

ஓடியது வீண் போகவில்லை. கி.மு. 3200 வாக்கில் கட்டிய மேடு இது, கீசா பிரமிடுகளுக்கும் முந்தையது. சுமார் 85 மீட்டர் அகலம், சுற்றிலும் 97 பெருங்கற்கள். உள்ளே போகும் கல் வழி 19 மீட்டர். குனிந்து, சில இடங்களில் பக்கவாட்டில் திரும்பித்தான் நகர வேண்டும். உள்ளே படிகள் கிடையாது என்பதால் அம்மா சமாளித்துவிட்டார். மூட்டு வலியைவிட அடைபட்ட இடம் ஒவ்வாதவர்களுக்குத்தான் இங்கே சிரமம். கடைசியில் உள்ள அறையின் கூரை கல் மேல் கல்லாக உள்நோக்கி ஏற்றி அடுக்கியது, ஐயாயிரம் வருடமாக ஒழுகவில்லை.

வாசலுக்கு மேலே ஒரு சிறிய திறப்பு இருக்கிறது. குளிர்காலத்தில் பகல் மிகக் குறைந்த நாட்களில், டிசம்பர் 21ஐ ஒட்டி, உதிக்கும் சூரியனின் ஒளி அந்தத் திறப்பு வழியாக வந்து உள்ளறை வரை பாயும். பதினேழு நிமிடம் இருந்துவிட்டு வெளியேறும். இங்கே அகழாய்வு செய்த பேராசிரியர் மைக்கேல் ஓ’கெல்லி 1967 டிசம்பரில் இருட்டில் தனியாக உள்ளே உட்கார்ந்து அதைப் பார்த்தார். இப்போது அந்தக் காலைகளுக்கு ஆட்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். மற்றவர்களுக்கு விளக்கை எல்லாம் அணைத்து மின்விளக்கால் அதே கோட்டைக் காட்டுகிறார்கள். மின்விளக்குத்தானே என்று நினைத்துக்கொண்டு போனேன், அந்த இருட்டில் யாரும் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அப்பாவுக்கு ஒரு சந்தேகம்: இந்த வெள்ளைச் சுவர் இவ்வளவு புதிதாக இருக்கிறதே? நல்ல சந்தேகம்தான். முகப்பில் பளபளக்கும் வெள்ளைக் குவார்ட்ஸ் சுவர் அகழாய்வுக்குப் பின் ஓ’கெல்லி தன் கணிப்பின்படி நிமிர்த்தி வைத்தது. அந்தக் கற்கள் விக்லோ மலையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அவை சுவராக நின்றனவா, தரையில் பரப்பியிருந்தனவா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பக்கத்திலுள்ள நௌத் மேட்டில் இப்படி வெள்ளைச் சுவர் எழுப்பவில்லை. உள்ளே போக முடியாதென்றாலும், சுற்றுக் கற்களில் செதுக்கிய சுருள்களையும் வளைவுகளையும் நிதானமாகப் பார்க்கலாம். எனக்கு நௌத்தான் கூடுதலாகப் பிடித்தது. இரண்டுக்கும் சேர்த்து அரை நாளுக்கு மேல் ஒதுக்குங்கள்.

சரி, ஊர்களுக்கு வருவோம்.

ஸ்லேன் படத்தில் மிக அழகு. நாற்சந்தியில் ஒன்றையொன்று பார்த்தபடி ஒரே மாதிரி நான்கு கல் வீடுகள், கீழே பாலம், ஆறு, தள்ளி 1981 முதல் பெரிய ராக் கச்சேரிகள் நடக்கும் கோட்டை மாளிகை. ஊருக்கு மேலே ஸ்லேன் குன்று. 433இல் புனித பேட்ரிக், டாராவில் இருந்த அரசனின் ஆணையை மீறி ஈஸ்டர் நெருப்பை ஏற்றியது இந்தக் குன்றில்தான் என்பது மரபுக் கதை. மேலே இடிந்த துறவியர் மடம் ஒன்றிருக்கிறது, கட்டணம் இல்லை, காற்று ஆளைத் தள்ளும். எல்லாம் நன்றுதான். ஆனால் இது ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் கிராமம். மாலை உணவுக்கு எண்ணி இரண்டு மூன்று இடங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் என்றால் இரண்டாம் நாளே அதே சூப்பும் அதே சோடா ரொட்டியும்தான். போதாததற்கு டப்ளினிலிருந்து டெரி போகும் நெடுஞ்சாலை ஊர் நடுவே செங்குத்தாக இறங்குகிறது, லாரிகள் உறுமிக்கொண்டே போகும். கச்சேரி நாளில் மாட்டிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். ஒரு மணி நேரம் நின்று பார்க்க வேண்டிய ஊர் இது. தங்குவதற்கு ஏதாவது கிராமப்புறப் பண்ணை வீடு கிடைத்தால் சரி, இல்லையென்றால் விட்டுவிடலாம்.

ட்ராஹடா சிறிய ஊர் அல்ல. நாற்பதாயிரத்துக்கு மேல் மக்கள், நகரம் என்ற பட்டம் இல்லாத ஊர்களில் நாட்டிலேயே பெரியது. நம் கணக்கில் தாலுகா தலைநகர் அளவு என்றாலும், ட்ரிம்மிலிருந்து போனால் பெருநகரத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். முதல் பார்வைக்கு இது அழகாகவும் தெரியாது. மூடிய கடைகள், வாகன நெரிசல், மங்கிய முகப்புகள். என் முதல் எண்ணம் “இங்கே வேண்டாம்” என்பதுதான். ஆனால் உள்ளே நடக்க நடக்க ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொடுக்கிறது. புனித லாரன்ஸ் வாயில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஊர்மதிலுக்கு முன்னால் எழுப்பிய இரட்டைக் கோபுரம். மேற்குத் தெருவிலுள்ள புனித பீட்டர் தேவாலயத்தில், 1681இல் லண்டனில் தூக்கிலிடப்பட்ட பேராயர் ஆலிவர் பிளங்கெட்டின் தலையைக் கண்ணாடிப் பேழையில் வைத்திருக்கிறார்கள். 1975இல் புனிதர் பட்டம் பெற்றவர். அம்மா அருகே போகவில்லை. அப்பா இரண்டு முறை போனார்.

1649 செப்டம்பரில் ஆங்கிலேயத் தளபதி கிராம்வெல்லின் படை இந்த ஊரை முற்றுகையிட்டு உள்ளே புகுந்து பெரும் படுகொலை நடத்தியது. இன்றும் அவர் பெயரை இங்கே யாரும் சாதாரணமாகச் சொல்வதில்லை. காவற்படைத் தலைவர் ஆர்தர் ஆஸ்டனை அவருடைய மரக்காலைக் கொண்டே அடித்துக் கொன்றார்கள் என்று ஒரு கதை உண்டு. காலுக்குள் தங்கம் ஒளித்து வைத்திருப்பதாக வீரர்கள் நினைத்தார்களாம்.

ஊருக்கு வெளியே, சற்று மேற்கே, 1690இல் இங்கிலாந்து அரியணைக்காக மூன்றாம் வில்லியமும் இரண்டாம் ஜேம்ஸும் மோதிய போய்ன் போர்க்களம். வட அயர்லாந்தில் ஒவ்வொரு ஜூலை 12ஆம் தேதியும் முரசு கொட்டி ஊர்வலம் போவது இந்தப் போரை நினைத்துத்தான். களத்தில் ஓல்ட்பிரிட்ஜ் மாளிகையும் தோட்டமும் அருங்காட்சியகமும் இருக்கின்றன. மற்றபடி புல்வெளிதான். வடக்கே சுமார் பத்து கிலோமீட்டரில் மொனாஸ்டர்பாய்ஸ். பழைய மயானத்துக்குள் உடைந்த வட்டக் கோபுரம், அதன் அருகே ஐந்து மீட்டருக்கு மேல் உயரமான முய்ரடாக் சிலுவைத்தூண். மணற்கல்லில் ஆதாம் ஏவாள் முதல் இறுதித் தீர்ப்பு வரை கதை கதையாகச் செதுக்கியிருக்கிறார்கள். எழுத்தறியாத மக்களுக்குக் கல்லிலேயே வேதம். கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை. மெல்லிஃபான்ட்டும் பக்கம்தான். 1142இல் தொடங்கிய, அயர்லாந்தின் முதல் சிஸ்டர்சியன் துறவியர் மடம். துறவிகள் கைகழுவ எட்டுப் பக்கங்களோடு கட்டிய மண்டபத்தில் பாதி மிஞ்சியிருக்கிறது. நேரம் இல்லையென்றால் இதை விட்டுவிட்டு மொனாஸ்டர்பாய்ஸ் போங்கள்.

ட்ராஹடாவின் பெரிய பலம் ரயில். டப்ளின் பெல்ஃபாஸ்ட் பாதையில் இருப்பதால் டப்ளினின் கானலி நிலையத்தில் ஏறினால் முக்கால் மணி நேரத்தை ஒட்டி வந்துவிடலாம். நியூகிரேஞ்ச் மையம் டாக்ஸியில் கால் மணி நேரம். கார் ஓட்டாதவர்கள் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை, ட்ராஹடாவில் அறை போடுங்கள். இந்திய உணவு வேண்டுமென்றாலும் இங்கே தேடல் எளிது.

நாங்கள் தங்கியது ட்ரிம்மில். பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள், டப்ளினிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவு. ரயில் கிடையாது, பேருந்து உண்டு. பேருந்தில் வந்து சேரலாம், ஆனால் வந்தபின் டாராவுக்கும் பெக்டிவுக்கும் போகக் கார் இல்லாமல் கை ஒடிந்த மாதிரிதான்.

ஊர் நடுவில் ட்ரிம் கோட்டை. 1172இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி மீத் பகுதி முழுவதையும் ஹியூ டி லேசி என்ற நார்மன் பிரபுவுக்குக் கொடுத்தார். அவர் முதலில் எழுப்பியது மரக்கோட்டை. மறுவருடமே மேற்கு அயர்லாந்திலிருந்த கனாக்ட் அரசர் ரோரி ஓ’கானர் படையோடு வர, அது அழிந்தது. அதன்பிறகுதான் கல்லில் இறங்கினார்கள். அவரும் மகன் வால்டரும் சேர்ந்து முப்பது வருடம் கட்டியது, அயர்லாந்தில் நார்மன்கள் கட்டிய கோட்டைகளிலேயே பெரியது. நடுக் கோபுரத்தின் அமைப்பு விசித்திரமானது. சதுரக் கட்டடத்தின் நான்கு பக்கமும் ஒவ்வொரு சிறு கோபுரம் ஒட்டி, மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி மாதிரி இருந்திருக்கும். மொத்தம் இருபது மூலைகள். போருக்கு இது நல்ல யோசனையே அல்ல, இடிக்க வருகிறவனுக்கு இருபது மூலை கொடுத்த மாதிரி. ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிறவனை மிரட்ட இதைவிட நல்ல வடிவம் கிடையாது. நான்கில் ஒரு கோபுரம் இப்போது இல்லை.

கோபுரத்துக்குள் வழிகாட்டியோடுதான் ஏற விடுவார்கள். குறுகலான சுழல் படிகள். அம்மா கீழேயே புல்லில் உட்கார்ந்துகொண்டார். முழங்கால் பிரச்சினை உள்ளவர்களுக்கு நான் சொல்வதும் அதுதான். மதிலுக்குள் இருக்கும் புல்வெளியும் கரையிலிருந்து தெரியும் தோற்றமும் போதும்.

எங்கள் வீட்டுக் கணக்கில் ட்ரிம் வென்றது அங்கே அல்ல. மாலை ஏழு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். சுற்றுலாப் பேருந்துகள் போய்விட்டிருந்தன. வெயில் இன்னும் கோட்டைச் சுவரில். ஆற்றைக் கடந்து எதிர்க்கரைக்குப் போனால் மஞ்சள் கோபுரம் என்று அழைக்கப்படும், பாதி பிளந்து நிற்கும் மணிக்கோபுரம். பழைய அகஸ்டீன் மடத்தின் மிச்சம் அது, உயரம் சுமார் 40 மீட்டர். மாலை வெயிலில் கல் மஞ்சளாக மாறுவதால்தான் அந்தப் பெயர் என்கிறார்கள், நாங்கள் பார்த்தபோது அது உண்மையாகவே மஞ்சளாக இருந்தது. ஆற்றோரப் பாதை சமதளம். அம்மா தானாகவே “இன்னும் கொஞ்சம் நடக்கலாம்” என்றார், அந்தப் பயணத்தில் முதல் முறையாக.

அந்தப் பாதையில் போனால் நியூடவுன் இடிபாடுகள். 1206இல் தொடங்கிய பேராலயம். அங்கே பதினாறாம் நூற்றாண்டுக் கல்லறை ஒன்றின் மேல் லூகாஸ் டில்லன், ஜேன் பாத் தம்பதியின் உருவங்கள், இருவருக்கும் நடுவே ஒரு வாள். “பொறாமைக்காரக் கணவன் மனைவி” என்று ஊரார் பெயர் வைத்துவிட்டார்கள். உருவங்களுக்கு நடுவே துருப்பிடித்த குண்டூசிகள் குவிந்து கிடந்தன. மருவில் ஊசியைத் தேய்த்து இங்கே போட்டால், ஊசி துருப்பிடிக்கப் பிடிக்க மரு உதிர்ந்துவிடும் என்பது நம்பிக்கை. அம்மா உடனே, “நாம கோயில்ல உப்பு மிளகு போடுற மாதிரிதானே” என்றார். அதற்கு மேல் அவருக்கு அயர்லாந்து அந்நியமாகத் தெரியவில்லை.

அப்பாவுக்குக் கிடைத்தது வேறு. ஊருக்குள் உயரமான தூண் ஒன்றின் மேல் ஒரு சிலை. பலகையைப் படித்தவர் குரலை உயர்த்தினார்: “டேய், இது நம்ம வெலிங்டன்!” குன்னூர் பக்கத்து வெலிங்டன் எந்தப் பிரபுவின் பெயரைத் தாங்கியிருக்கிறதோ அவருக்காக 1817இல் எழுப்பிய தூண் அது. பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லஸ்லியின் குடும்பச் சொத்து ட்ரிம்முக்கு அருகே டாங்கனில் இருந்தது. 1790இல் இந்த ஊரின் சார்பில்தான் ஐரிஷ் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார். ஒன்பது வருடம் கழித்துத் திப்புவுக்கு எதிரான ஸ்ரீரங்கப்பட்டணப் போரில் படைத்தளபதிகளில் ஒருவர். மலை ரயிலில் எத்தனையோ முறை வெலிங்டன் நிலையத்தைக் கடந்திருக்கிறேன், அந்தப் பெயருக்குரியவர் இந்த ஆற்றங்கரையிலிருந்து புறப்பட்டவர் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ட்ரிம்மிலிருந்து டாரா இருபது நிமிடம். இதற்கு மட்டும் முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை. அயர்லாந்தின் உயர் அரசர்களின் தலைநகரம் என்று கேள்விப்பட்டு மாளிகையை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். புல் மேடுகள், பள்ளங்கள், செம்மறி ஆடுகள், ஒரு கல், அவ்வளவுதான். லியா ஃபால் என்ற அந்தக் கல், உரிமையுள்ள அரசன் தொட்டால் கத்துமாம். அப்பா தொட்டார், கத்தவில்லை. 1843இல் ஐரிஷ் மக்கள் தலைவர் டேனியல் ஓ’கானல் இந்தக் குன்றில் கூட்டிய கூட்டத்துக்கு லட்சக்கணக்கில் மக்கள் வந்தார்கள். 1899இல் சிலர் விவிலியத்தில் வரும் உடன்படிக்கைப் பேழை இங்கே புதைந்திருப்பதாக நம்பித் தோண்டவே ஆரம்பித்துவிட்டார்கள். கவிஞர் யேட்ஸ் உள்ளிட்டவர்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். இந்தக் கதைகளைத் தெரிந்துகொண்டு போனால் டாரா பேசும். இல்லையென்றால் நல்ல காற்று. குன்றுக்குக் கட்டணமில்லை. வழியில் பெக்டிவ் மடாலயத்தில் நிற்க மறக்காதீர்கள், வயலுக்கு நடுவே தனியாக நிற்கும் அழகான இடிபாடு.

கார் எடுக்கிறவர்களுக்குச் சில சங்கதிகள். இங்கேயும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், அந்தக் கவலை இல்லை. ஆனால் கிராமச் சாலைகள் குறுகல், இரு பக்கமும் ஆளுயர வேலி, எதிரே டிராக்டர். 2025 பிப்ரவரி முதல் கிராமப்புற உள்ளூர்ச் சாலைகளின் பொது வேக வரம்பை 80லிருந்து 60ஆகக் குறைத்திருக்கிறார்கள். 60ஏ அதிகம் என்று தோன்றும் திருப்பங்கள் நிறைய. அப்புறம், அயர்லாந்து ஷெங்கன் நாடு அல்ல. ஐரோப்பியப் பயணத்தோடு சேர்த்துத் திட்டமிடுகிறவர்கள் விசாவைத் தனியாகப் பார்க்க வேண்டும். அரசின் பாரம்பரிய அட்டை ஒன்று இருக்கிறது. நியூகிரேஞ்ச், ட்ரிம், ஓல்ட்பிரிட்ஜ் மூன்றும் அதில் அடங்கும். இவற்றோடு நாட்டில் வேறு இடங்களுக்கும் போகிறீர்கள் என்றால் லாபம். அட்டை கையில் இருந்தாலும் நியூகிரேஞ்சுக்கு இடம் பதிவு செய்தே ஆக வேண்டும்.

என்னிடம் கேட்ட இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்குக் கார் இல்லை, கைக்குழந்தை உண்டு. அவர்களை ட்ராஹடாவுக்கு அனுப்பினேன், ரயிலும் டாக்ஸியுமாக நியூகிரேஞ்சும் மொனாஸ்டர்பாய்ஸும் பார்த்துவிட்டு வந்தார்கள். இன்னொரு குடும்பம் ட்ரிம்மில் இரண்டு இரவு. முதல் நாள் டாரா, பெக்டிவ், மாலையில் ஆற்றங்கரை. இரண்டாம் நாள் காலையில் நியூகிரேஞ்ச், நௌத், திரும்பும்போது ஸ்லேன் குன்று. மூன்றாம் நாள் கோட்டைக்குள் ஏறிவிட்டு டப்ளின். அவர்கள் போனது அக்டோபர் கடைசியில். ஆறு மணிக்கே இருட்டிவிட்டதாம், மஞ்சள் கோபுரம் மஞ்சளாக இல்லை என்று எனக்குப் படம் அனுப்பிக் குறை சொன்னார்கள். ட்ரிம்முக்கு நான் கொடுத்த மதிப்பெண் மே முதல் ஆகஸ்ட் வரைக்குமானது. குளிர்காலம் என்றால் ட்ராஹடாவையே பாருங்கள்.